விந்தை அன்று, வித்தையே!

வெலிங்டன் தீவில் நம் மன்றம் நடத்திய பொங்கல் விழாவில், கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒளித்து வைத்த நாணயத்தைக் கண்டெடுத்தேன். கைதட்டினீர்கள், மகிழ்ந்தேன். ஆனால் அன்றிரவு படகுத்துறையில் இளைய மாணவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "அண்ணா, ஊரில் அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். பிழைப்பாரா? நீங்கள்தான் எல்லாம் அறிகிறீர்களே!" என்றார்.

திடுக்கிட்டேன். "தம்பி, நான் எவர் மனத்தையும் படிக்கவில்லை, கையைத்தான் படித்தேன். நீ உடனே ஊருக்குப் புறப்படு" என்றேன். அன்றிரவே ரயிலேறினார். "பிழைப்பார்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்? அவர் போகாமலே இருந்திருப்பார்!

நான் செய்தது இவ்வளவே. ஒளித்தவரின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு நடந்தேன். நாணயம் இருக்கும் பக்கம் திரும்பினால் கை இளகும், விலகினால் இறுகும். அவர் அறியாமலே தசை பேசும். பெர்லினில் கணக்குப் போட்டுப் புகழடைந்த ஹான்ஸ் என்னும் குதிரையும் இப்படித்தான். கேள்வி கேட்பவரின் தலையசைவைக் கண்டே அது குளம்பு தட்டுவதை நிறுத்தியது என்று 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் நிறுவினார்.

குறி சொல்வதும் அப்படியே. 1948இல் உளவியலாளர் ஃபோரர், தம் மாணவர் அனைவருக்கும் ஒரே வாசகத்தைக் கொடுத்து, "இது உன் குணம்" என்றார். ஐந்துக்குச் சராசரி 4.26 மதிப்பெண் வழங்கி, "பொருத்தம்" என்றனர் மாணவர்கள். ஏமாந்தவர் பாமரர் அல்லர்; நம்மைப் போன்ற கல்லூரி மாணவரே!

அப்படியானால் இவ்வித்தையே வேண்டாமா? வேண்டும் என்பேன். படகுக்குக் காத்திருக்கையில் பத்துப் பயணிகளைப் பார்த்து, கண்ணை மூடி, ஆடையையும் கையிலுள்ள பொருளையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். நண்பரின் மணிக்கட்டைப் பற்றி நாணயம் தேடுங்கள். பத்து முறை தோற்பீர்கள். பிறகு புலன் கூர்மைப்படும். ஆய்வுக்கூடத்திலும் அக்கூர்மை உதவும்.

"உண்மையைச் சொன்னால் சுவை போய்விடுமே" என்பார்கள். போகாது! அதே 1907இல், சென்னை விக்டோரியா மண்டபத்தில், நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். முதுகில் விழும் நெல்மணிகளை எண்ணுவது, மணியோசையை எண்ணுவது, கேட்டவுடன் வெண்பா பாடுவது என அவதானிகள் கவனத்தைப் பல வழியில் செலுத்துவர். அது பயிற்சி என்று அவையோர் அறிவர், அறிந்தே வியந்தனர். அவரிடம் எவரும் நோய்க்குக் குறி கேட்கவில்லை.

நாங்கள் வாழும் இத்தீவும், துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணால், ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி உருவானதே. மாயம் என்று எவரும் இதைக் கும்பிடுவதில்லை. உழைப்பு என்றே போற்றுகிறோம்.

ஆகவே, அடுத்த விழாவில் மேடையேறியதும் முதலில், "இது பயிற்சி, அருள் அன்று" என்று சொல்வேன். பிறகே கண்ணைக் கட்டிக்கொள்வேன். மேடையேறும் மற்ற நண்பர்களும் அப்படியே செய்க!