பல் நகர்வதும் பரிகாரப் புரட்டும்

நமது மக்களுக்குத் தலை வலித்தாலும் தலையெழுத்து, பல் விலகினாலும் தலையெழுத்து! நாகர்கோவிலிலே வயது நாற்பதைத் தாண்டியவருக்கு, வரிசையாயிருந்த முன்பற்கள் விலகி இடைவெளி கண்டால், அதிர்ஷ்டமென்று ஒரு ஜோசியன் தட்சணை வாங்குவான். தோஷமென்று மற்றொருவன் பரிகாரத்துக்கு வாங்குவான். எப்படியும் முதலில் போவது காசு. பிறகு போவது பல்.

தோழர்களே! பல் ஆணிபோல் அறையப்பட்டதல்ல. எலும்புக் குழியில் மெல்லிய நார்களால் கட்டப்பட்டிருக்கிறது. ஈறோரம் ஊத்தை படிந்து காறையாக இறுகினால், ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, உள்ளிருக்கும் எலும்பு கரையும். பிடிப்பிழந்த பல், நாக்கும் கடியும் தள்ளிய பக்கம் போகும். பிடுங்கிய இடத்தில் மாற்றுப் பல் கட்டாவிட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும். புகையிலையும் அடங்காத நீரிழிவும் ஈற்று நோயை வளர்க்கும். வயதேற ஏறக் கீழ் முன்பற்கள் சற்று நெருங்குவதும் இயற்கையே. இதில் சனிக்கு என்ன வேலை என்று கேட்கிறோம்.

காறையை எடுத்தால் பல் ஆடுமாம்! மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகுமாம்! காறை பல்லைத் தாங்குவதில்லை. அது மறைத்துவைத்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவே. பல் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

1838-லேயே பக்கத்து நெய்யூரில் மேல்நாட்டு வைத்தியம் தொடங்கிய சீமையில் இன்னுமா இந்தப் புத்தி?

ஆகவே, காலையும் இரவும் புளோரைடுப் பற்பசையால் துலக்குங்கள், பல்லிடுக்கையும் சுத்தம் செய்யுங்கள், புகையிலையைத் துப்புங்கள், ஈற்றில் இரத்தம் கண்டவுடன் பல் வைத்தியரிடம் போங்கள். பரிகாரக் காசு அதற்குப் பயன்படட்டும்!