பலாக் கொம்பும் அணிப் பாடமும்

கபிலர் பாடிய குறுந்தொகை 18ஆம் பாட்டிலே, இரவில் வந்து மீளும் தலைவனை இடைமறித்து மணத்துக்கு வற்புறுத்தும் தோழி, தலைவியின் உயிரின் சிறுமையையும் அவள் கொண்ட காதலின் பெருமையையும் ஒருங்கே காட்டும் பொருட்டு, மெல்லிய கொம்பொன்றில் கனத்துத் தொங்கும் பலாப்பழத்தை உவமையாக்குகிறாள் என்பது, நம்மில் ஒவ்வொருவரும் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிய செய்திதான். ஆனால் அதே பாட்டின் தொடக்கத்தில், தலைவனுடைய நாட்டைச் சொல்லுமிடத்து, மூங்கில் வேலிக்குள் வேரிலே காய்த்துக் கிடக்கும் இன்னொரு பலாவையும் கவி வைத்திருப்பதை, ‘நாட்டு வருணனை’ என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துபோவது நம் வழக்கமாகிவிட்டது.

தலைச்சோலை முதலிய சேர்வராயன் மலைச் சிற்றூர்களின் வகுப்பறைகளில் இந்த அவசரத்துக்கு நியாயமே இல்லை. காப்பித் தோட்டத்து நிழல் மரங்களுக்கிடையே பலாவும் நிற்கிற ஊர்கள் அவை. மண்ணைத் தொட்டுக்கொண்டு வேரடியில் பழுத்த பழத்தையும், மேலே கிளையில் ஊசலாடும் பழத்தையும் பள்ளிக்கு வரும் வழியிலேயே பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம், இரண்டில் எது முதலில் விழும் என்று ஆசிரியர் கேட்டால் போதும். வேர்ப்பழத்தின் பாரத்தை நிலம் தாங்குகிறது, அதற்கு வேலியும் உண்டு. கொம்புப் பழத்தின் பாரத்தையோ அந்தச் சிறு கொம்பே தாங்கவேண்டும். தலைவனுடைய நாட்டில் பழத்துக்குக்கூடப் பாதுகாப்பு இருக்கிறது, அவனை நம்பிய பெண்ணுக்கு இல்லை என்ற இடித்துரை, தோழியின் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல்லும் வராமலே, அவனுடைய நெஞ்சில் போய்த் தைக்கிறது. இதனை உள்ளுறை என்பதா இறைச்சி என்பதா என்ற விவாதத்தை வித்துவான்களுக்கு விட்டுவிடலாம். மாணவனுக்கு முதலில் வேண்டியது அந்த இரண்டு பழங்கள்.

தொல்காப்பியர் உவமவியலில் வினை, பயன், மெய், உரு என்ற நான்கையே உவமைக்கு நிலைக்களமாக வைத்தார். செயலால் ஒப்பா, பயனால் ஒப்பா, வடிவால் ஒப்பா, நிறத்தால் ஒப்பா என்பதே அவர் எழுப்பிய முதற்கேள்வி. உவம உருபுகள் 36ஐத் தொகுத்துச் சொன்னதோடு நில்லாமல், இன்னின்ன எட்டு இன்ன நிலைக்களத்துக்கு உரியவை என்றும் பிரித்துக் காட்டினார்; கபிலரின் பழம் எந்த உருபால் உவமையாகிறதோ அந்த ‘ஆங்கு’ அவர் வகுப்பில் வினைக்குரிய எட்டனுள் ஒன்றாக நிற்கிறது. பழத்தின் பருமனை மாத்திரம் பார்த்து வடிவுவமை என்று எழுதிவிடுகிற மாணவனுக்கு, ஒப்புமையின் உயிர் தொங்குதல் என்ற வினையிலே இருக்கிறது என்று எடுத்துச்சொல்ல இதனிலும் நல்ல ஆதாரம் வேறில்லை. பிற்காலத்தில் ‘போல’ என்ற ஒன்றே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. தொல்காப்பியர் அதை நிறவுவமைக்கு உரியதாக வைத்தார் என்பது இன்று பலருக்கு வியப்பாகவே இருக்கும்.

வடமொழித் தண்டியாசிரியரின் காவியாதர்சத்தைத் தழுவிய தண்டியலங்காரம் பொருளணிகளை 35 ஆக்கிற்று. மாறனலங்காரம் 64 வரை சென்றது. பாகுபாடு பெருகியதைக் குறைகூற நமக்கு உத்தேசமில்லை. நுட்பமான வேறுபாடுகளைக் கண்டு பெயரிடுவது சாஸ்திரத்தின் கடமை. ஆனால் பரீட்சையை முன்னிட்டுப் பெயரையும் இலக்கணத்தையும் ஓர் உதாரணத்தையும் மனப்பாடம் செய்விக்கிற நம் பழக்கம், அணி என்பது பழம்பாட்டிலே மட்டும் வாழ்கிற வஸ்து என்ற எண்ணத்தை ஊட்டிவிடுகிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறவன், ஓர் உவமையின் மேல் 20 முறை திரும்புகிறான். அதை அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

கட்டுரை நோட்டுகளைத் திருத்தும்போது இந்தக் குறை வெளிப்படையாகத் தெரியும். கோடை மழை பெய்த சில நாட்களில் காப்பிச் செடிகள் கணுக்கணுவாய் வெண்பூ மூடிக்கொள்வதை ஆண்டுதோறும் கண்ணால் காண்கிற மலைப்பிள்ளை, கட்டுரை என்று வந்ததும், தான் ஒருநாளும் கண்டிராத இமயத்துப் பனிப்பொழிவை அதற்கு உவமையாகத் தேடிப்போகிறான். பொரியைத் தெளித்ததுபோல என்று அவன் எழுதியிருந்தால் நிறமும் வடிவும் ஒருசேர ஒத்திருக்கும். ஆனால் அது ‘இலக்கியத் தரம்’ அன்று என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாமேயல்லவா?

ஆகுபெயர் இதைவிட எளிது. வெற்றிலை நட்டான் என்பதையே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ‘மலையே திரண்டுவிட்டது’ என்று வீட்டிலே பேசிக்கொள்வதும் அதே இனந்தான். குறிஞ்சி என்ற பூப்பெயர் நிலத்துக்கும், அந்நிலத்து ஒழுக்கத்துக்கும், யாழுக்கும், பண்ணுக்கும் ஆகிவந்ததைச் சொல்ல, நீலக்குறிஞ்சி பூக்கிற இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் ஏது? பிறிதுமொழிதலுக்கோ பாட்டே வேண்டாம். பாட்டிமார் சொல்லும் பழமொழிகளில் பாதி அதுதான்.

தற்குறிப்பேற்றத்தில்தான் ஆசிரியர்களே இடறுகிறார்கள். மிகையாகத் தோன்றும் கற்பனையையெல்லாம் அதில் அடைத்துவிடுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வாராதீர் என்று தடுப்பனபோல் அசைகின்றன. கொடிகள் காற்றில் எப்படியும் அசைவனவே, இளங்கோவடிகள் ஏற்றியது காரணத்தை மாத்திரம். இயல்பான நிகழ்ச்சி ஒன்று வேண்டும், கவி தன் குறிப்பை அதன்மேல் ஏற்றவேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லையேல் அந்த அணி இல்லை. லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்க்க வந்தவர்கள் முன்னே மூடுபனி எழுந்து மறைக்கிறது. வந்தவர்களின் கூச்சலுக்கு நாணி மலை திரையிட்டுக்கொண்டது என்று ஒரு சிறுமி எழுதினால் அது தற்குறிப்பேற்றம். அந்தப் பனியில் வழிதப்பியவர்கள் நூறாண்டு அலைந்தார்கள் என்று அவள் எழுதினால் அது உயர்வுநவிற்சி.

தேர்வில் முதல் வாக்கியத்தின் அணியைக் கேட்டு, அவள் அணியின் பெயரை மாற்றி எழுதிவிட்டு, பனி தானே எழுவது என்பதையும் நாணம் தான் ஏற்றியது என்பதையும் பிரித்து விளக்கியிருந்தால், இரண்டு மதிப்பெண்ணில் ஒன்றரையேனும் இடவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். பெயரைச் சரியாக எழுதி விளக்கத்தில் வாய்பாட்டை ஒப்பித்த விடைக்கு அரை மதிப்பெண் போதும். உள்தேர்வுகளிலாவது இந்த முறையை வரும் பருவத்தில் கைக்கொண்டு பார்க்கும் ஆசிரியர்கள், பிள்ளைகள் எழுதிய நல்ல விடைகளைப் பிரதியெடுத்து நமக்கு அனுப்பினால் அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.