நாடி பார்க்கும் தலைக்கருவி

இல்லாத உலகத்தை உள்ளதுபோற் காட்டும் மெய்நிகர்க் காட்சிக் கருவிகள் இந்நாளில் மலிந்துவிட்டன. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐவன் ஸதர்லாந்து என்பார் அமைத்த தலைக்கருவி காட்சியை மட்டுமே காட்டிற்று. 2021-இல் எச்.பி. நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த ஆம்னிசெப்ட் கருவியோ, அணிந்தவருடைய நாடித்துடிப்பையும் கண்ணசைவையும் அளந்து, அவர் மனம் எத்துணைப் பாரம் சுமக்கின்றதென்று மதிப்பிடவும் முற்பட்டது. இத்தகைய உணரிகளை எங்ஙனம் சோதித்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயும் பொருள்.

அவ்வுணரியின் தத்துவம் எளிது. தோலின்மீது ஒளியைப் பாய்ச்ச, இருதயம் துடிக்குந்தோறும் இரத்தம் பெருகிக் குறைவதால், மீண்டு வரும் ஒளியும் ஏறி இறங்குகின்றது; அதனை எண்ணுவதே நாடிக் கணக்கு. ஆயினும் கருவி மிக இறுகினால் இரத்தம் விலகும். தளர்ந்தால் வெளியொளி புகும். தலையசைவையே துடிப்பென்று கருவி எண்ணிவிடுதலுங் கூடும்.

ஆகலின், அசையாது அமர்ந்தவரிடம் நடத்திய சோதனை ஆடியோடுவார்க்குச் சான்றாகாது. மார்பில் ஒட்டிய இ.சி.ஜி. கருவியோடு ஒருங்கே வைத்து, இருக்கையிலும் நடையிலும் தலை திருப்புங்காலும் தனித்தனியே ஒப்பிடுதல் வேண்டும். சராசரி மட்டும் கூறுதல் போதாது. ஒருகால் பத்து மிகையும் ஒருகால் பத்துக் குறையுமாகக் காட்டுங் கருவி, சராசரியிற் பிழையற்றதாய்த் தோன்றுமன்றோ? அளக்கத் தவறிய வேளைகளையும் மறையாது வெளியிடுதல் கடமையாம்.

பிறிதொன்று, நம்மனோர் சிறப்பாகக் கருதற்பாலது. தோலுக்குக் கருமை தரும் மெலனின் ஒளியை விழுங்கும் இயல்பினது. ஒளியால் பிராணவாயுவை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் தத்துவத்தை ஜப்பானியராகிய டக்குவோ அயோயாகி 1974-இல் வெளியிட்டார். அக்கருவி மருத்துவமனைகளில் நெடுங்காலம் வழங்கிய பின்னர், 2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினர். கருவி 92 முதல் 96 சதவீதம் எனக் காட்டிய அளவீடுகளுள், பிராணவாயு மெய்யாகவே 88 சதவீதத்திற்குக் குறைந்திருந்தவை வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பரிடமோ 11.7 சதவீதம். எல்லா நிறத்தாரையும் போதிய தொகையிற் சேர்த்துச் சோதியாமையின் தீங்கு இதனால் விளங்கும்.

விளையாட்டுக் கருவிக்கு இத்துணைக் கண்டிப்பு எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். விளையாட்டளவில் நின்றால் அவ்வினா பொருந்தும். ஆனால், பயிற்சி பெறுவோனுடைய மனநிலையை எடைபோடவும், அச்சநோய்க்குச் சிகிச்சை செய்யவும் அவ்வெண் பயன்படுங்கால், பிழையான எண் ஒரு மனிதனைப்பற்றிய பிழையான தீர்ப்பாக முடியும்.

நிறைகல் குறைவுபட்டால் அதனால் நிறுக்கும் பண்டமனைத்தும் பிழைபடும். பௌதிகமும் உடலியலும் பயிலும் நம் மாணவர், கருவியின் வியப்பில் மயங்காது, அது எவரிடத்து, எந்நிலையிற் சோதிக்கப்பட்டது என்று முதற்கண் வினவக் கற்பாராக.