61ஆவது பிள்ளை

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் சரி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, நான் அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியன் என்று தெரிந்ததும் வருகிற பேச்சு ஒன்றுதான். ‘உங்களுக்கென்ன சார், அரசாங்கச் சம்பளம், உள்ளூர் உத்தியோகம், டிரான்ஸ்பர் கிடையாது, கேள்வி கேட்க ஆள் கிடையாது.’ இருபது வருஷமாகச் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். இப்போது அந்தப் பேச்சு, ‘இந்தப் பள்ளிக்கூடங்கள் இனி எதற்கு?’ என்கிற இடத்துக்கு வந்துவிட்டது. இனிச் சும்மா இருக்க முடியாது.

எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் பள்ளிக்கூடம் கட்டித் தராத காலத்தில் இந்தப் பக்கத்து உறவின்முறைகளும் கிறிஸ்தவ சபைகளும் கட்டியவை இவை. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு ஒதுக்கிய பிடி அரிசியில் நடந்தது. வியாபாரிகளின் மகமைப் பணம் பெஞ்சாகவும் கரும்பலகையாகவும் மாறியது. ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது பிறகுதான். அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் பள்ளிக்கு அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளி என்று பெயர் வைத்து, மின்னசோட்டா மாநிலம் 1991இல்தான் முதல் சட்டம் போட்டது. இங்கே அந்த ஏற்பாட்டுக்கு அதைவிட வயது அதிகம்.

இனி ‘அரசாங்கச் சம்பளம்’. வருகிறது, மறுக்கவில்லை. எப்போதிலிருந்து வருகிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. நிர்வாகம் நியமித்த நாளில் சம்பளம் தொடங்காது. கல்வித் துறை நியமன ஒப்புதல் தர வேண்டும். எனக்கு அது வர இரண்டு வருஷத்துக்கு மேலானது. அதுவரை நிர்வாகம் தந்த சில ஆயிரம்தான். காலையில் வகுப்பு, மாலையில் டியூஷன், தங்கையின் வளையல் அடகுக் கடையில். நானாவது தேவலை. ஒப்புதலுக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் படியேறி இறங்கியே வருஷங்களைத் தொலைத்தவர்கள் உண்டு. சம்பளம் வரத் தொடங்கிய பிறகும் சம்பளப் பட்டியலில் பள்ளிச் செயலர் கையெழுத்து வேண்டும். நிர்வாகத்தில் இரண்டு கட்சியாகி வழக்குப் போனால் கையெழுத்துப் போட ஆளிருக்காது. துறையே நேரடியாகச் சம்பளம் தர உத்தரவு வரும்வரை மளிகைக் கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் நடக்க வேண்டும்.

‘காசு கொடுத்து வாங்கின வேலைதானே’ என்று அடுத்த ஆள் சொல்வார். சில இடங்களில் அது நடக்கிறது. மூடி மறைக்க மாட்டேன், வெட்கக்கேடு. ஆனால் அதில் வாங்குகிறவர் நிர்வாகி, கடன்படுகிறவர் ஆசிரியர். பழி மட்டும் இரண்டாமவர் தலையில் முழுசாக விழுகிறது.

கேள்வி கேட்க ஆள் கிடையாதாம்! எனக்கு இரண்டு முதலாளிகள். விடுப்புக் கடிதம் செயலருக்கு, புள்ளிவிவரம் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு தாமதமானால் அங்கிருந்து போன், கக்கூஸ் கதவு உடைந்தால் இங்கிருந்து போன். பராமரிப்பு மானியம் சொற்பம். ஆகவே கதவு பெரும்பாலும் ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத்தான் சரியாகிறது. 2011க்கு முன் பணியில் சேர்ந்தவர்களும், ஓய்வுபெற 5 ஆண்டுக்கு மேல் இருந்தால், 2 ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பொதுதான். 48 வயதில் மகன் வயசுப் பையன்களோடு கைடு வாங்கிப் படிக்கிறேன்.

‘பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?’ என்றும் கேட்கிறார்கள். எங்கள் பிள்ளைகளின் வீடுகளுக்குக் காலை ஏழு மணிக்கு முன்பே பட்டாசுக் கம்பெனி வேன் வந்துவிடும். தலைவாரிவிட ஆளில்லாமல் வருகிற பிள்ளைகள். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கே சத்தம் கேட்டாலும் வகுப்பு நின்றுவிடும். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடி எந்தப் பக்கம் புகை என்று பார்ப்பார்கள். எந்தப் பிள்ளையின் அம்மா எந்தக் கம்பெனி என்பது எங்களுக்கு மனப்பாடம். போன் போட்டு ஒவ்வொருவராக ‘ஒங்கம்மா அங்க இல்லப்பா’ என்று சொல்லி உட்கார வைத்த பிறகுதான் வாய்ப்பாடு.

கடைசியாக, டிரான்ஸ்பர் கிடையாது, அசைக்க முடியாத வேலை என்பது. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1ஆம் தேதித் தலைக்கணக்கை வைத்துத்தான் எங்கள் பணியிடம். 1 முதல் 5 வகுப்பு வரை 60 பிள்ளைகள் என்றால் 2 ஆசிரியர். 61 என்றால் 3. அந்த ஒரு பிள்ளை இல்லையென்றால் மூன்றாவது ஆள் உபரி. பணி நிரவலில் எங்கே தூக்கிப் போடுவார்களோ தெரியாது. அதனால் ஏப்ரல், மே வெயிலில் நோட்டீசோடு தெருத்தெருவாகப் போகிறோம்.

போன ஜூனில் ஒரு தாய், வேனைவிட்டு இறங்கி நேராகப் பள்ளிக்கு வந்தார். சின்னவளுக்கு ஒன்றாம் வகுப்பு, பெரியவனுக்கு ஆறாம் வகுப்பு. “ரெண்டையும் இங்கயே சேத்துருங்க சார், ஒண்ணாப் போயி ஒண்ணா வரட்டும்” என்றார். விரலெல்லாம் அலுமினியப் பவுடர். பேனாவை வாங்கியபோது விண்ணப்பத்தின் ஓரத்தில் வெள்ளியாக ஒரு கைரேகை பதிந்தது. எங்கள் தொடக்கப் பிரிவில் அன்று 60 பேர்.

“பெரியவன் என்னம்மா ஆகணும்ங்கான்?”

“டாக்டராகணுமாம் சார்” என்று சொல்லிவிட்டுக் கூச்சப்பட்டார்.

மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீட்டை 2020இல் தமிழ்நாடு கொண்டுவந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி அதில் சேராது. அதே தெரு, அதே ரேஷன் கார்டு, அதே வேனில் போகிற அம்மா. எங்களிடம் ஆறாம் வகுப்பு சேர்ந்த அன்றே அவனுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடும். காலைச் சிற்றுண்டித் திட்டம் தாமதமானாலும் 2024 ஜூலையில் கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. இந்த இடஒதுக்கீடு இன்னும் வரவில்லை. வர வேண்டும்.

பக்கத்து மேஜையில் எங்கள் மூன்றாவது ஆசிரியை வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை. நான் அந்தத் தாயிடம் விவரத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் விண்ணப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப பாப்பாவையும் அவங்கூடயே அனுப்பிருதேன் சார், தனியா வரமாட்டா” என்று எழுந்தார்.

ஆகஸ்ட் 1 அன்றும் 60தான். அந்த ஆசிரியை இப்போது இரண்டு பஸ் மாறி வேறொரு பள்ளிக்குப் போய்வருகிறார். அவர் பார்த்த ஒன்றும் இரண்டும் என் மூன்றாம் வகுப்போடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கின்றன.