கடிபட்ட இலைகள்



பள்ளித் தோட்டத்துக்கு வண்ணத்துப்பூச்சி வர வேண்டும், நர்சரியில் என்ன பூச்செடி வாங்கலாம் என்று ஓர் ஆசிரியை கேட்டு எழுதியிருக்கிறார். இட்லிப்பூ வாங்குங்கள், டீச்சர், தேனுக்கு நல்லது. ஆனால், பூ மட்டும் உள்ள தோட்டம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை மாதிரி. குடித்ததும் கிளம்பிவிடும். தங்க வேண்டுமென்றால் முட்டையிட இலை வேண்டும். அதுவும் கண்ட இலை ஆகாது. ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கென்று சில செடிகள்தான்.

ஒரு கறிவேப்பிலைக் கன்று வையுங்கள். கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி தேடி வரும். முன்னங்காலால் இலையைத் தட்டி ருசி பார்த்து, கொழுந்தில் ஒற்றை முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். சில நாளில் வெளிவரும் புழு, பார்வைக்கு அசல் பறவை எச்சம்! தின்ன வருகிற குருவியும் ஏமாந்து போகும். வளர்ந்ததும் பச்சைக்கு மாறிவிடும். மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவைக்கொம்பை நீட்டும். கூடவே ஒரு நெடி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் அன்றைக்கு வேறு பாடம் நடக்காது.

வேலியோரம் எருக்கு இருந்தால் வெட்டவிடாதீர்கள். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத் தின்றுதான் வளர்கிறது. எருக்கின் நஞ்சு உடம்பில் ஏறியிருப்பதால் பறவைகள் பெரும்பாலும் அதை நெருங்குவதில்லை. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இடமிருந்தால் ஆவாரையும் வைக்கலாம். 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவனை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அது மலைக்காட்டு வாசி.

செடி வைப்பது சுலபம், டீச்சர். இலையெல்லாம் அரிபட்டு நிற்கும்போது "மருந்தடிக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள், அங்கேதான் சிக்கல். அடித்தால் புழு போச்சு. பிறகு வண்ணத்துப்பூச்சி எங்கிருந்து வரும்? ஓர் இலைகூடக் கடிபடாத தோட்டத்துக்கு நான் பாஸ் மார்க் போடமாட்டேன். கம்பளிப்பூச்சி என்று பெற்றோர் பயந்தால், மேலே சொன்ன புழுக்களுக்கு அரிக்கும் ரோமம் கிடையாது என்று கூப்பிட்டே காட்டிவிடுங்கள்.

புரட்டாசியில் குழி எடுத்து வைத்துவிட்டால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். மே மாத விடுமுறையில் தண்ணீர் ஊற்ற, பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை இப்போதே பேசி வையுங்கள். முதல் புழு தென்பட்டதும் எங்களுக்கு ஒரு கார்டு போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்