பட்டை பூட்டினால் மட்டும் போதுமா?

ஹற்றனிலிருந்து மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் எமக்குக் கிடைத்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி கொணர்ந்த பெருமழையால் மலையகப் பாதைகள் பல சரிந்து அறுந்தமையை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாட்களில் லயத்தை விட்டு வெளியேற வழியின்றித் தவித்தவர்களுள் அம்மாணவரின் குடும்பமும் ஒன்றாம். நீரிலும் நிலத்திலும் ஓடும் எட்டுச் சில்லு வண்டியொன்றின் படத்தை எங்கோ கண்டிருக்கிறார். “இவ்வண்டியின் சில்லுகளைச் சுற்றிப் புல்டோசருக்கு உள்ளதுபோன்ற பட்டையைப் பூட்டினால் எங்கள் தோட்டத்துச் சேற்றிலும் ஓடாதா? வேறு மாற்றம் ஏதும் செய்யவேண்டுமா?” என்று வினவுகிறார்.

ஓடும். ஆனால், பட்டையை மாத்திரம் பூட்டிவிட்டு ஓட்டினால் நெடுநாள் ஓடாது. காரணத்தைச் சொல்லுமுன் ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1928ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வீசிய சூறாவளியால் ஒக்கிச்சோபீ என்னும் ஏரி கரைபுரண்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சதுப்பு நிலத்திலே படகும் செல்லாது, மோட்டார் வண்டியும் செல்லாது. இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் டொனால்ட் ரோப்ளிங் என்பவர். புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த பொறியியலாளரின் பேரர் அவர். 1935இல் அவர் அமைத்த பட்டை வண்டிக்கு ‘அலிகேட்டர்’, அதாவது முதலை, என்று பெயர். நிலத்தில் மணிக்கு 25 மைல் ஓடிய அம்முதலை, நீரில் இறங்கியதும் மணிக்கு 2 மைலுக்குச் சற்று மேலாகவே நகர்ந்தது. நடந்து செல்பவன் அதனை முந்திவிடலாம்! ரோப்ளிங் மனந்தளரவில்லை. பட்டையின் அமைப்பை மாற்றினார். வண்டியின் நீளத்தையும் பாரத்தையும் குறைத்தார். 1937இல் நீரில் வேகம் 8 மைலைத் தாண்டியது. நிலத்திலோ 20 மைலுக்கு இறங்கியது. (உயிர் காக்கப் பிறந்த அவ்வண்டியைப் பின்னர் போர்ப்படை எடுத்துக்கொண்டது வேறு கதை.) ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி மாணவர் கண்ட வண்டிக்கு வருவோம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1967 முதல் செய்யப்படும் ‘ஆர்கோ’ இவ்வகையிற் பேர்பெற்றது. இதில் என்ஜினின் சக்தி சங்கிலிகளின் வழியே எல்லாச் சில்லுகளுக்கும் செல்கிறது. துவிச்சக்கரவண்டியின் சங்கிலியைப் போன்றதே, ஆனால் உறுதி மிக்கது.

ரயரின் குறுக்களவு 24 அங்குலம் என்று கொள்வோம். ஓர் அங்குலத் தடிப்புள்ள றப்பர்ப் பட்டையை அதன்மேல் சுற்றினால், மேலும் கீழுமாக 26 அங்குலம் ஆகிவிடுகிறது. சில்லு ஒருமுறை சுழலும்போது வண்டி முன்னையிலும் பன்னிரண்டில் ஒரு பங்கு கூடுதலாக ஓடும். இது இலாபமன்று! என்ஜினின் பலம் கூடவில்லையாதலால், இழுவிசை பதின்மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. போதாததற்குப் பட்டையை வளைத்து வளைத்துச் சுற்றுவதற்கே ஒரு பகுதிச் சக்தி செலவாகிறது. ஏற்றத்தில் என்ஜின் திணறும். அதன் பெல்ட் வழுக்கிச் சூடேறித் தீய்ந்த மணம் வீசும்.

ஆகவே, என்ஜின் பக்கத்துப் பற்சில்லை மாற்றுகிறார்கள். அதற்கு 12 பற்கள் இருந்தால், 10 பற்களுள்ள ஒன்றைப் போடுவதாகக் கொள்வோம். சில்லைத் திருப்பும் விசை ஐந்தில் ஒரு பங்கு கூடும். பட்டையின் தடிப்பால் இழந்ததைக் கழித்தாலும், முன்னிருந்ததிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிகுதி. அம்மிகுதிதான் பட்டையின் உராய்வைச் சமாளிக்கிறது. மணிக்கு 20 மைல் ஓடிய வண்டி இப்போது 18 மைல் ஓடும், அவ்வளவே நட்டம்.

இவ்வித்தை தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதியதன்று. தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டார் நிமிடத்துக்கு 1,440 முறை சுழல்வதுண்டு. கொழுந்தை உருட்டும் ரோலரோ நாற்பது, நாற்பத்தைந்து முறைதான் சுற்றும். இடையே வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குபவை பற்சில்லுகளும் பெல்ட்டுகளுமே. அங்கே வேலை செய்யும் தந்தையார் இருப்பின் அவரிடமே கேட்டறியுங்கள். நான் எழுதுவதைவிட நன்றாக விளங்கும்.

பற்சில்லை மாற்றியபின் கவனிக்கவேண்டியவை சில உண்டு. சிறிய பற்சில்லில் சங்கிலி கூடுதலாக வளைகிறது. விரைவில் தேய்ந்து நீள்கிறது. தளர்ந்த சங்கிலி ஏற்றத்தின் நடுவே பல்லைத் தாண்டிக் குதிக்கும். ஆதலால் அதன் இறுக்கத்தை அடிக்கடி பார்க்கவேண்டும். காற்று விடயம் இதைவிடப் பெரிது. ஒரு பக்கத்துச் சில்லுகள் யாவும் ஒரே எண்ணிக்கையில் சுழல்கின்றன. அவற்றுள் ஒன்றில் மட்டும் காற்றுக் குறைந்தால், அது மற்றவற்றோடு ஓயாமல் மல்லுக்கு நிற்கும். பட்டையும் தளர்ந்து கழன்றுவிடும். பட்டையைப் பூட்டுமுன் ஒவ்வொரு ரயரின் சுற்றளவையும் ஒரே நூலால் அளந்து பார்ப்பது நன்று. திரும்பும்போதும் மெதுவாகத் திரும்பவேண்டும். இவ்வண்டிகளிற் பல, ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை ஓடவிட்டே திரும்புகின்றன. பட்டையோ நிலத்தை நீளமாகப் பற்றிக்கொள்கிறது. அந்த இழுபறி முழுவதும் சங்கிலியின் தலையில்தான் விழும்.

மாணவரின் தோட்டத்துக்கு இவ்வண்டி ஏற்றதா? வெள்ளம் தேங்கிய பள்ளத்தாக்கிலும் மரக்கறித் தோட்டத்துச் சேற்றிலும் உதவக்கூடும். தேயிலை மலையின் குறுக்கே, கான்களைத் தாண்டி ஓட்டுவதை நான் ஒப்பமாட்டேன். பக்கச் சரிவில் பட்டை கழலும், வண்டியும் புரளும். மண் சரிந்த இடத்துக்கோ, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் பார்த்துச் சொல்லும்வரை எந்த வண்டியும் போகலாகாது. ஈரமண் மேலும் சரியக்கூடும். அங்கே பாரமே பகை.

மாணவ நேயர்களுக்கு ஒரு கணக்கு: மேற்சொன்ன 24 அங்குல ரயரின்மேல் 2 அங்குலத் தடிப்புள்ள பட்டையைச் சுற்றுகிறோம். உராய்வை விட்டுவிடுவோம். பழைய இழுவிசை குறையாதிருக்க, 12 பற்களுக்குப் பதிலாக எத்தனை பற்களுள்ள பற்சில்லைப் போடவேண்டும்? விடை பின்னமாக வரும். பல்லைக் கால்வாசியாக வெட்ட முடியாதல்லவா? மேலே போவதா, கீழே போவதா என்பதைக் காரணத்துடன் எழுதுங்கள்.