வீட்டுல தெர்மாமீட்டர் இருக்கா?

அக்காவின் பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்று பொழுது சாய்வதற்குள் எங்கள் கையில் ஏழு டாக்டர்களின் பெயர்கள் சேர்ந்துவிட்டன. சித்தப்பா ஒன்று சொன்னார். அத்தானின் ஆபீஸ் நண்பர் இரண்டு சொன்னார். எதிர்வீட்டு டீச்சர் தன் தங்கையைப் பிழைக்கவைத்தவர் என்று ஒரு பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துவந்து அக்கா கையிலேயே கொடுத்தார். அத்தனை பேரும் சென்னை டாக்டர்கள். கோவில்பட்டியில் யாருக்குப் பெரிய வியாதி என்றாலும் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுவதுதான் வழக்கம். நாங்களும் போட்டோம்.

மார்பில் கட்டி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்தது கீமோ என்றார்கள். கத்தி வைப்பவர் ஒருவர், கதிர்வீச்சு கொடுப்பவர் ஒருவர், மருந்தால் வைத்தியம் பார்க்கும் மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட் இன்னொருவர் என்று புற்றுநோய்க்கு மூன்று வகை டாக்டர்கள் உண்டு என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆபரேஷனுக்கு ஊரெல்லாம் விசாரித்தவர்கள் கீமோ டாக்டரைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கைகாட்டியவரிடம் போய் உட்கார்ந்தோம். பேர் பெற்றவர்தான். காத்திருந்தது நாலு மணி நேரம், உள்ளே இருந்தது ஐந்து நிமிடம். முதல் கீமோ ஏற்றி, 21 நாள் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

பத்தாம் நாள் ராத்திரி அக்காவுக்குக் குளிர் எடுத்தது. மூன்று போர்வை போர்த்தியும் பல் கிட்டிப்போய் நடுங்கினாள். ஃபைலில் அச்சடித்திருந்த நம்பருக்கு அத்தான் ஆறு தடவை அடித்தார். யாரும் எடுக்கவில்லை. வீட்டிலிருந்த காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளணு 900. நாலாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியது அது. கார் பிடித்து மதுரைக்கு ஓடினோம். ஐந்து நாள் அட்மிஷன். பிழைத்துவந்தாள்.

நடந்தது என்னவென்று பிறகுதான் விளங்கியது. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதுதான் கீமோ மருந்தின் வேலை. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களும் அப்படித்தான் பெருகுகின்றன. அதனால் மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளணு பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரி, பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கிவிட்டு விடியக் காத்திருப்பது உயிரோடு விளையாடுவது. நாங்கள் அதைத்தான் செய்திருந்தோம். அது கூடாது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

மதுரையில் அக்காவைப் பார்த்தவர் சின்ன வயது டாக்டரம்மா. அடுத்த கீமோ பற்றிப் பேசப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “அம்மா, வீட்டுல தெர்மாமீட்டர் இருக்கா?” என்பதுதான். இல்லை என்றோம். ஃபைல் அட்டையில் சிவப்புப் பேனாவால் 100.4 என்று எழுதி வட்டம் போட்டார். அதற்குக் கீழே இரண்டு நம்பர்: ஒன்று வார்டில் ராத்திரி டியூட்டி டாக்டருடையது, மற்றது அவருடைய செல். “மணி என்னன்னு பாக்காதீங்க. கூப்பிட்டுச் சொல்லிட்டு உடனே வண்டியெடுங்க” என்றார். பிறகு எழுந்துவந்து அக்காவை எடை மெஷினில் நிற்கவைத்தார். உயரமும் எடையும் வைத்துத்தான் மருந்தின் அளவைக் கணக்குப் போடுகிறார்கள்.

அவரிடமே வைத்தியத்தைத் தொடர்ந்தோம். மீதி கீமோ எல்லாம் மதுரையில்தான்.

இதைப் படிப்பவர்களில் யாராவது இன்றைக்கு அப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தால், அவர்களுக்கு நான் சொல்வது இது. ஆபரேஷன் ஒரு நாள் காரியம். கீமோ டாக்டரின் உறவு மாதக் கணக்கு. மார்புப் புற்றில் ஹார்மோன் மாத்திரை ஐந்து வருஷம், அதற்கு மேலும் போகலாம். பரவலாக வரும் புற்றுநோய்களுக்கு எந்த மருந்து, எத்தனை தடவை என்பதற்கு வகுத்த முறைகள் இருக்கின்றன. 2012ல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பு அவற்றை நம் நாட்டுக்கென்றே எழுதி வெளியிட்டிருக்கிறது. சென்னையில் ஏறும் மருந்துதான் மதுரையிலும் ஏறுகிறது. ஒரு கீமோவுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள இருபது நாளில் நம்மைத் தாங்குவது யார் என்பதில்தான் வித்தியாசம். ஆகவே ராத்திரியில் ஓடிச் சேரக்கூடிய தூரத்தில் டாக்டரைத் தேடுங்கள்.

படிப்பைப் பாருங்கள். எம்.டி.க்கு மேல் மெடிக்கல் ஆன்காலஜியில் டி.எம். அல்லது அதற்கு இணையான தேசிய வாரியப் பட்டம் இருக்க வேண்டும். நம் அடையாறு புற்றுநோய் நிலையத்தில்தான் 1984ல் இந்தியாவிலேயே முதன்முதலாக அந்த டி.எம். படிப்பைத் தொடங்கினார்கள். முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வைத்தியம் குணப்படுத்தவா, கட்டுக்குள் வைக்கவா? எங்கள் கேஸை சர்ஜனும் கதிர்வீச்சு டாக்டரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசினீர்களா? ராத்திரி காய்ச்சல் வந்தால் போனை எடுப்பது யார்? நல்ல டாக்டர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.

தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தைகளுக்கு வரும் புற்று, ரத்தப் புற்று, அபூர்வமான வகைகள் என்றால் பெரிய இடம்தான் சரி. மற்றவர்களும் செகண்ட் ஒபினியனுக்கு ஒரு தடவை போய்வரலாம். போகும்போது பயாப்சி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களின் நகலைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை, துரோகம் அல்ல. செலவை நினைத்தும் ஒடுங்க வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

போன மாதம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு தம்பதி அக்காவிடம் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு முந்தின நாள்தான் ரிப்போர்ட் வந்திருந்தது. நல்ல டாக்டர் பேர் ஒண்ணு சொல்லுங்க என்றார் கணவர். அக்கா காபி கொடுத்தாள், அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“சொல்றேன். மொதல்ல இதச் சொல்லுங்க. ராத்திரி வண்டியெடுக்க வீட்டுல யாரு இருக்கா?”